பதிவேட்டில் ஓர் அக்கம்பக்கம்

சிங்கப்பூரின் சிறிய தமிழ்ச் சபைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், அவற்றின் ஒட்டுறவுக்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கும். உடம்பு சரியில்லாதவர் வீட்டுக்குச் சாப்பாடு போவதும், இழவு வீட்டில் சபையாரே அடுப்பைப் பார்த்துக்கொள்வதும், புதிதாக வேலைக்கு வந்தவருக்கு அறை தேடிக் கொடுப்பதும் ஊர்ப் பழக்கம். திருநெல்வேலியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கப்பலேறியவர்கள் அதையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்பார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஊரில் அந்தப் பழக்கம் எதன்மேல் நின்றது என்று பார்த்தால் விளக்கம் ஆட்டம் காண்கிறது. 1799இல் உருவான முதலூர் தொடங்கி நாசரேத், மெஞ்ஞானபுரம் வரை, திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ ஊர்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் பனங்காடும் கல்லறைத் தோட்டமும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் பெரும்பாலும் சொந்தக்காரராகவும் சாதிக்காரராகவும் இருப்பார். அங்கே ஒருவரை ஒருவர் விசாரிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விசாரிக்காமல் விட்டால் தெருவே கேட்டுவிடும். சிங்கப்பூருக்கு வந்தவர்களுக்குத் தெருவும் சொந்தமில்லை, பக்கத்து வீட்டில் சொந்தமும் இல்லை. இங்குள்ள மெதடிஸ்ட் தமிழ்ச் சபைகளில் வளர்ந்த அக்கறை, ஊர்ச் சுபாவத்தைவிட ஒரு நிர்வாகப் பழக்கத்துக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, தவறாமல் தேடிப் போகிற பழக்கம் அது.

அந்தப் பழக்கத்தின் பிறப்பிடம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். 1742இல் ஜான் வெஸ்லியின் கூட்டத்தார் தாங்கள் கட்டிய ஜெபவீட்டுக் கடனை அடைக்க வழி தெரியாமல் விழித்தார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம் என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். பல பேரிடம் அந்த ஒரு பென்னியும் கிடையாது என்று மறுப்பு வந்தபோது, ஏழைகளிலும் ஏழைகளான பதினொரு பேரைத் தன் கணக்கில் விட்டுவிடும்படியும், அவர்கள் தராததைத் தானே போட்டுவிடுவதாகவும் அவர் சொன்னார். இப்படிப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகள் உண்டாயின. காசு வாங்க வாரந்தோறும் வீடு வீடாகப் போன வகுப்புத் தலைவர்கள், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் குடித்துவிட்டுக் கிடக்கிறார், யாருக்குக் காய்ச்சல் என்பதையெல்லாம் கண்டு வந்து சொன்னார்கள். வெஸ்லிக்குப் பொறி தட்டியது. கடன் வசூலிக்க ஏற்பட்ட ஏற்பாடு ஆத்தும விசாரணைக்கான ஏற்பாடாக மாறியது. மனிதாபிமானம் பொங்கி வழிந்து பிறந்த திட்டமல்ல இது. கணக்குப் புத்தகத்திலிருந்து பிறந்தது. அதனால் மதிப்புக் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மனம் இளகும்போது மட்டும் செய்கிற உதவி, மனம் மாறினால் நின்றுவிடும். பட்டியலில் பெயர் இருந்தால், பிடிக்காதவர் வீட்டுக்கும் போயாக வேண்டும்.

சிங்கப்பூருக்கு மெதடிஸ்ட் சபை அமெரிக்காவிலிருந்து நேராக வரவில்லை. இந்தியா வழியாகத்தான் வந்தது. 1884இன் கடைசியில் ஹைதராபாத்தில் கூடிய தென்னிந்திய மாநாட்டில்தான் வில்லியம் ஓல்டம் இங்கே அனுப்பப்படுவது முடிவானது. அவர் 1854இல் பெங்களூரில் பிறந்தவர், நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். கல்கத்தாவின் ஜேம்ஸ் தோபர்னோடு 1885 பிப்ரவரி 7ஆம் தேதி அவர் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அமோய் ஸ்ட்ரீட்டில் பதின்மூன்று சீனப் பையன்களோடு ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினார். 1887 ஜூலையில் ஆஸ்திரேலியரான சோஃபியா பிளாக்மோர் வந்தார். தங்கள் பெண் பிள்ளைகளுக்கும் படிப்பு வேண்டும் என்று தமிழ் வணிகர்கள் கேட்க, ரெங்கசாமி பிள்ளை ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு வீட்டைக் கொடுத்தார். ஆகஸ்ட் 15ஆம் தேதி ஒன்பது பெண்களோடு தமிழ்ப் பெண்கள் பள்ளி தொடங்கியது. இன்று பெயர்பெற்று விளங்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் வேர் அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடம்தான். அதன் பழைய மாணவிகளில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கிறதோ! அந்தக் காலச் சிங்கப்பூரில் இந்தியர்களிடையே ஆண்கள் எங்கும் நிறைந்திருந்தார்கள். குடும்பங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. ஒரு பெண் பிள்ளை பள்ளிக்கு வரவேண்டுமானால் யாராவது வீட்டுக்குப் போய்க் கேட்டு அழைத்து வர வேண்டும். வரவில்லையென்றால் மறுபடி போக வேண்டும். வீடு சந்திப்பு என்று தமிழ்ச் சபையார் சொல்கிற காரியம் ஆராதனையைப் போலவே பள்ளிப் பதிவேட்டிலிருந்தும் தொடங்கியது எனலாம்.

யார் அந்தச் சபையார்? யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்து அரசாங்க எழுத்தர்களானவர்கள் ஒரு பக்கம். சென்னை மாகாணத்திலிருந்து கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்தவர்கள் இன்னொரு பக்கம். ஊரிலேயே ஆங்கிலிக்கன், லண்டன் மிஷன், லுத்தரன் என்று பல சபைகளில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் இங்கே கிடைத்த தமிழ் ஆராதனையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். வரைபடமும் இவர்களை ஒன்றுசேர்க்கவில்லை. இன்று லிட்டில் இந்தியா என்று சுற்றுலாப் பலகை சொல்கிற பகுதிக்குள் நடந்து பார்த்தால் இரண்டு பழைய மெதடிஸ்ட் ஆலயங்கள் கண்ணில் படும். கம்போங் கபூர் ஆலயம் 1894இல் பாபா மலாய் பேசிய பெரனாக்கன் சீனர்களுக்காகத் தொடங்கியது. ரேஸ்கோர்ஸ் சாலையில் இருப்பது 1897இல் வேரூன்றிய ஃபூச்சோ சீனர்களின் சபை. தேக்கா எனப்படும் அந்தப் பகுதியின் நடுவே சீனக் கிறிஸ்தவர்கள் தொழுதுகொண்டிருக்க, தமிழ்ச் சபை அதன் ஓரத்தில், செலிகி பக்கமுள்ள ஷார்ட் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. வசிக்கிற இடத்தைக் கொண்டு சபை பிரிந்திருந்தால் இப்படி அமைந்திருக்காது. மொழியைக் கொண்டு பிரிந்ததால் ஒவ்வொரு சபையும் தன் ஆட்களை ஊரெங்கும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இதைச் சொன்னதும் எழுகிற முதல் ஆட்சேபம் நியாயமானது. மொழிவாரிப் பிரிவு என்றால் தன் ஆட்களை மட்டும் கவனிப்பது என்றுதானே பொருள்? அதைச் சாதியின் இன்னொரு வேஷம் என்றுகூடச் சொல்லலாம். யாழ்ப்பாணத்து எழுத்தருக்கும் துறைமுகக் கூலிக்கும் இடையில் இருந்த இடைவெளி ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னதால் மறைந்துவிடவில்லை; பெண் கொடுத்து எடுப்பதில் அது அப்படியே நின்றது. இதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் வகுப்புப் பட்டியல் ஒரு சிறிய வேலையைச் செய்தது. ஊரில் ஒருவர் மற்றவர் வீட்டுப் படியேறுவதற்குச் சம்பிரதாயம் அனுமதி தர வேண்டும். இங்கே சபை தந்த பொறுப்பே அந்த அனுமதி. மனம் மாறாவிட்டாலும் கால் படியேறியது. சாதி ஒழிந்தது என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்கிறவர்கள், சம்பந்தம் கொள்ளாத வீட்டில் நோயாளியின் பக்கத்தில் போய் உட்காருவது அந்தக் காலத்தில் எத்தனை பெரிய காரியம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபம், உதவி மதமாற்றத்துக்குப் போட்ட தூண்டில் என்பது. மிஷனரிகள் ஆள் சேர்க்கத்தான் வந்தார்கள். அவர்களே அதை ஒளிக்கவில்லை. ஆனால் 1887இன் கதையைக் கவனித்தால், கேட்டவர்களும் வீடு கொடுத்தவர்களும் தமிழ் வணிகர்கள். தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தே பேரம் பேசினார்கள், படிப்பை எடுத்துக்கொண்டார்கள். சிங்கப்பூர் இந்தியர்களில் இன்றும் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய எட்டில் ஒருவர்தான். தூண்டில் என்றால், பெரும்பாலான மீன்கள் இரையைத் தின்றுவிட்டுப் போயிருக்கின்றன.

ஒருவரையொருவர் தாங்குவது மெதடிஸ்டுகளின் தனிச்சொத்து அல்ல என்ற மூன்றாவது வாதத்துக்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை. வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் சிராங்கூன் சாலைத் தமிழர்களை ஒன்றுகூட்டின. 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் சாதி கடந்த தமிழ்ச் சமூகம் ஒன்றை வார்த்தெடுக்க உழைத்தன. அந்த வேலையில் சபைகளைவிட அவை துணிச்சலானவை. வேறுபாடு அளவில் இருக்கிறது. கோயில் திருவிழாவில் ஆயிரம் பேர் கூடலாம், வராதவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஐம்பது குடும்பம் உள்ள சபையில் ஒரு ஞாயிறு ஒருவர் வரவில்லையென்றால் அந்தப் பெஞ்சே காட்டிக்கொடுத்துவிடும். வந்தவரைவிட வராதவரை எண்ணுவதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

அதை எண்ணியவர்கள் யார் என்பதும் முக்கியம். மெதடிஸ்ட் முறையில் போதகர் நிரந்தரமானவர் அல்ல. ஒவ்வோர் ஆண்டு மாநாட்டிலும் நியமனம் வாசிக்கப்படும். பேராயர் மாற்றினால் பெட்டி கட்ட வேண்டும். போதகர் போய்விடுவார், எந்தப் பாட்டிக்குச் சர்க்கரை, எந்த வீட்டில் மகன் பேசுவதில்லை என்ற அறிவு சபையாரிடமே தங்கிவிடும், அதிலும் பெரும்பாலும் பெண்களிடம். புதிதாக வரும் போதகரை வீடு வீடாக அழைத்துப் போய் அறிமுகம் செய்பவர்கள் அவர்கள். சபை வரலாற்றுப் புத்தகங்கள் போதகர்களின் படங்களை வரிசையாக அச்சிடுகின்றன. அந்தப் பெண்களின் பெயர்கள் அடிக்குறிப்பில்கூட வருவது அரிது. வரலாறு எழுதுகிறவர்கள் இதற்கு வெட்கப்பட வேண்டும். இந்த ஏற்பாட்டின் வலு 1942இல் சோதிக்கப்பட்டது. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபின் மேற்கத்திய மிஷனரிகள் சாங்கிச் சிறைக்குப் போனார்கள். மிஷன் பணமும் நின்றது. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு தின்ற அந்த மூன்றரை ஆண்டுகளைச் சபைகள் ஆசியப் போதகர்களையும் சாதாரண சபையாரையும் கொண்டே தாண்டின. மேலிருந்து வந்த தயவு மட்டுமே என்றிருந்தால் 1945இல் திறக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

தமிழர் குடியிருப்பும் ஓரிடத்தில் நிற்கவில்லை. செம்பவாங்கில் 1938இல் திறந்த கடற்படைத் தளமும் சிலேத்தாரின் விமானப்படைத் தளமும் தமிழர்களையும் மலையாளிகளையும் வடக்கே இழுத்தன. செம்பவாங், சிலேத்தார், பாசிர் பாஞ்சாங் என்று தமிழ்ச் சபைகளின் பெயர்களைப் படித்தாலே வேலை எங்கே இருந்தது என்று புரியும். 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது தளத்தை நம்பிய அந்த வாழ்க்கையும் கலைந்தது. பிறகு வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் காலம். கம்பங்கள் எனப்பட்ட கிராமங்களும் வேலையாள் குடியிருப்புகளும் போய், மக்கள் தோ பாயோ, அங் மோ கியோ, ஜூரோங் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள்; சபைகளும் பின்னாலேயே போயின. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒரு புளோக்கில் இந்தியரும் மற்ற சிறுபான்மையினரும் 13 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரையறுத்தது. தமிழ்க் கிறிஸ்தவருக்குப் பக்கத்து வீட்டில் தமிழ்க் கிறிஸ்தவர் அமைவது அநேகமாக நடக்காத காரியமாயிற்று. ஊர் மூட்டைக் கொள்கை சரியாக இருந்தால் இந்த இடத்தில் சபைகளின் ஒட்டுறவு கலைந்திருக்க வேண்டும். கலையாததற்குக் காரணம், அது முதலிலிருந்தே பக்கத்து வீட்டை நம்பி இருக்கவில்லை. எம்ஆர்டி ரயில் ஏறி அரை மணி நேரம் பயணம் செய்து ஒருவரை விசாரிப்பது புது வழக்கமல்ல; முன்பு நடந்தும் டிராமிலும் போனதன் தொடர்ச்சி.

அரசாங்கமே வீடும் மருத்துவமனையும் 1955 முதல் மத்திய சேமநிதியும் தந்துவிட்டதே, இனி விசாரிப்புக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். சேமநிதி கணக்கில் பணம் இருப்பதும், மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்ல ஆள் இருப்பதும் வேறு வேறு. மெதடிஸ்டுகளும் காலத்தோடு மாறினார்கள். 1981இல் மெதடிஸ்ட் சமூக நல அமைப்பு ஏற்பட்டபின் பெரிய உதவிகள் சம்பளம் வாங்கும் சமூக ஊழியர்களிடம் போயின. திறமை கூடியது, நல்லதுதான். விசாரிக்கும் பொறுப்பு அலுவலகத்துக்குப் போய்விட்டது என்ற எண்ணம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வந்துவிட்டால், அது அந்தத் திறமைக்குக் கொடுக்கும் விலை.

மெய்யான நெருக்கடி மொழியில் இருக்கிறது. வீட்டில் தமிழை அதிகமாகப் பேசும் சிங்கப்பூர் இந்தியர்கள் 2010இல் ஏறத்தாழ 37 விழுக்காடு, 2020இல் 28. சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபையில் ‘ஆண்டு மாநாடு’ எனப்படும் மூன்று பிரிவுகளில் தமிழ்ப் பிரிவான இம்மானுவேல்தான் சிறியது. அதன் பேரப்பிள்ளைகள் பலர் ஆங்கில ஆராதனைக்குப் போகிறார்கள். 2000 முதல் 2012 வரை பேராயராக இருந்த ராபர்ட் சாலமன் இந்திய வம்சாவளியினர் என்பது தமிழ்ப் பெஞ்சுகளை நிரப்பிவிடவில்லை. அந்தப் பெஞ்சுகளில் இப்போது வந்து உட்காருகிறவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச்சீட்டில் வந்த இளைஞர்கள். துவாஸ், கிராஞ்சி, பொங்கோல் விடுதிகளில் அவர்கள் படுத்து எழுகிறார்கள். 2020 ஏப்ரலில் கோவிட் தொற்றுக்காக விடுதிகள் அடைக்கப்பட்டபோது, உள்ளே இருந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். யார் உள்ளே இருக்கிறார், அவருக்கு என்ன வேண்டும் என்று அறிய, கைப்பேசியில் அவர் எண்ணைச் சேமித்து வைத்திருந்தவர்களால்தான் முடிந்தது. சபையின் அங்கத்தினர் பதிவேடோ ஞானஸ்நானம், திடப்படுத்தல், மாற்றுக் கடிதம் என்று நிரந்தரமாகத் தங்குகிறவர்களை மனதில் வைத்து வகுத்தது. இரண்டு வருட அனுமதிச்சீட்டில் வந்தவர் அதில் ஏறுவதற்குள் ஊர் திரும்பிவிடுவார், அல்லது முதலாளி மாறி வேறு விடுதிக்குப் போய்விடுவார். ஃபாய் எடுத்துக்கொண்ட பதினொரு பேரும் சந்தா கட்ட இயலாதவர்கள். இருந்தும் அவர்கள் பெயர்கள் பட்டியலில் இருந்தன. ஞாயிறு ஆராதனைக்கு வந்து, ஆண்டுக் கூட்டத்தில் வாக்கில்லாமல் இருக்கும் இந்த இளைஞர்களுக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். அதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை, ஒரு நோட்டும் அதை எடுத்துக்கொண்டு விடுதி வாசலுக்குப் போக ஞாயிறு மதியத்தை ஒதுக்கும் இரண்டு பேரும் போதும்.