கணினிக்குக் கணினி கட்டளையிட்ட கதை



எங்கள் பள்ளிக் கணினிக் கூடத்தில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் வினா ஒன்றைத் தொடுத்தான். "ஐயா, இந்தக் கணினியில் விண்டோஸ் இருக்கிறது. அந்த மூலையில் இருப்பதில் லினக்ஸ். இங்கிருந்து கட்டளையிட்டால் அதற்கு எப்படிப் புரியும்?" விடை சொல்ல நான் 1969-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

அவ்வாண்டு அக்டோபர் 29, இரவு 10.30 மணி. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலிருந்து சார்லி கிளைன் என்னும் மாணவர், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஸ்டான்போர்டு ஆய்வுக் கழகத்தின் கணினிக்குள் நுழைய முயன்றார். இங்கிருந்தது சிக்மா 7; அங்கிருந்தது எஸ்.டி.எஸ். 940. இரண்டும் ஒரே நிறுவனத்தின் படைப்புகள். ஆனால் இயங்குதளங்கள் வேறு. மறுமுனையில் பில் டுவால் காத்திருந்தார். 'லாகின்' என்னும் சொல்லின் 'எல்' சென்றது, 'ஓ' சென்றது. 'ஜி'யில் கணினி செயலிழந்தது! ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குப் பின்னரே நுழைவு கைகூடியது.

வலைப்பின்னல் வளர வளரச் சிக்கலும் வளர்ந்தது. 'ஏ' என்னும் ஆங்கில எழுத்து ஆஸ்கி முறையில் 65; ஐ.பி.எம். பெருங்கணினிகளின் எப்சிடிக் முறையில் 193. ஒரு வரி முடிவதைக் குறிக்கும் முறையும் கணினிக்குக் கணினி மாறுபட்டது. இருபது வகைக் கணினிகள் இருப்பின், ஒவ்வொன்றிலிருந்தும் மற்றொன்றுக்கு என 380 மாற்றுமுறைகள் வேண்டும். யாரால் எழுத முடியும்?

அறிஞர்கள் கண்ட வழி எளியது. எங்குமே இல்லாத ஒரு முனையத்தைக் கற்பனையாகப் படைத்தனர். ஒவ்வொரு கணினியும் தன் முறையை அந்தப் பொது முறைக்கும், பொது முறையைத் தன் முறைக்கும் மாற்றத் தெரிந்திருந்தால் போதும். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி ஆசிரியர்கள் மாவட்டக் கூட்டத்தில் மலாயில் உரையாடிக்கொள்கிறோமே, அதைப் போன்றதுதான். இதுவே டெல்நெட், 1983 மே மாதம் ஆர்.எப்.சி. 854 என்னும் ஆவணமாக வரையறுக்கப்பட்டது. அந்தப் பொது முனையம் அறிந்திருந்தவை ஆஸ்கியின் 128 குறிகள் மட்டுமே. நம் தமிழுக்கு அங்கு இடமில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துகள்தாம் மாற்றப்பட்டன; கட்டளையின் பொருள் மாற்றப்படவில்லை. லினக்ஸ் கணினிக்குள் நுழைந்தவர் லினக்ஸின் கட்டளையையே இடவேண்டும். விண்டோஸ் வெறும் சாளரமாக நிற்கும். மாணவனின் வினாவுக்கு நேரான விடை இதுவே.

டெல்நெட்டில் பெருங்குறை ஒன்றுண்டு. 1990களில் அதைப் பயன்படுத்தியபோது, கடவுச்சொல்லைத் தட்டினால் திரையில் எதுவும் தோன்றாது. அதனால் அது மறைவாகச் செல்கிறது என நான் உறுதியாக நம்பினேன். உடன் பணியாற்றியவர்களுக்கும் அவ்வாறே கூறினேன். உண்மையில் அது அஞ்சலட்டையில் எழுதியதைப் போல் கம்பியில் திறந்தபடியே சென்றது. இன்று நினைத்தாலும் நாணமாக இருக்கிறது.

1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அங்கிருந்த தாத்து இலோனன் அதே ஆண்டு சூலையில் எஸ்.எஸ்.எச். என்னும் மறையாக்க முறையை வெளியிட்டார். 1999-இல் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் அதன் கட்டற்ற வடிவமான ஓப்பன்எஸ்எஸ்எச்-ஐ வழங்கினர். நெடுங்காலம் தனிவழி சென்ற விண்டோஸும் 2018-இல் அதனைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

மறுநாள் மாணவனுக்கு இவை அனைத்தையும் விளக்கினேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, உங்கள் பழைய கடவுச்சொல் என்ன?"