டேப் நெகட்டிவ் ஆயிருச்சுங்க

டேப் எனப்படும் கைக்கணினியின் திரையில் வெள்ளை கறுப்பாகி, கறுப்பு வெள்ளையாகி, ஆள் முகம் நீலம் பாரித்துத் தெரிந்தால் அதற்கு ஆனைமலைப் பக்கம் ஒரு பேர் உண்டு. “டேப் நெகட்டிவ் ஆயிருச்சுங்க” என்பார்கள். நாற்பதைத் தாண்டிய யாரும் இதைத்தான் சொல்வார்கள். செட்டிங்ஸைத் திறந்தால் பெரும்பாலும் இந்தச் சொல் இருக்காது. அங்கே அதன் பேர் கலர் இன்வெர்ஷன். 2014இல் ஆண்ட்ராய்டு லாலிபாப் வந்தபோது சேர்ந்த வசதி அது. கருவி ஒரு பேர் வைத்திருக்க, ஊர் தன் பழைய பேரையே அதன்மேல் ஒட்டிவிட்டது. ஊர் ஒட்டியதுதான் சரியான பேர் என்பது என் கட்சி.

நெகட்டிவ் என்ற சொல்லைப் படத்துக்குப் பொருத்தியவர் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேய வானியலாளர். ஃபோட்டோகிராஃபி என்ற சொல்லை 1839இல் அறிவியல் அவையில் நிலைநாட்டியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் தன் வீட்டுச் சன்னலைச் சிறு காகிதத் துண்டில் பதித்திருந்தார். இன்று எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுதான். ஆனால் அப்போது அதற்கு அந்தப் பேர் இல்லை. வெளிச்சம் பட்ட இடம் கறுத்துப்போன அந்தப் படத்தைப் ‘பிரண்ட படம்’ என்கிற மாதிரிச் சுற்றி வளைத்துத்தான் குறித்தார்கள். அதை மறுபடி காகிதத்தில் எடுத்தால் ‘பிரண்டதைப் பிரட்டிய படம்’ என்று சொல்ல வேண்டியிருந்தது. 1840இல் எழுதிய ஆய்வுரையில் ஹெர்ஷல் இந்தச் சுற்றுவழியை வெட்டினார். ஒளியும் நிழலும் இயற்கையில் உள்ளபடி இருந்தால் பாசிட்டிவ், எதிராக இருந்தால் நெகட்டிவ் என்றார். மின்சாரத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஏற்கெனவே புழங்கவிட்டிருந்த சோடிச் சொற்கள்தான் இவை.

தமிழில் நெகட்டிவுக்கு எதிர்மறை என்பது பாடநூல் வழக்கு. அந்தச் சொல்லுக்கு வயது அதிகம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரிடமே அந்தச் சொல் உண்டு. அவர் பிறந்த சனகாபுரம் நம் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம்தான் என்று கொங்கு ஆய்வாளர்கள் உரிமை கொண்டாடுவார்கள். அந்த வகையில் எதிர்மறை எங்களூர்ச் சரக்கு என்று மார்தட்டலாம். ஆனால் இந்தப் படத்துக்கு அது பொருந்தவில்லை. ‘வாரான்’ என்றால் வருதல் நடக்கவில்லை, ‘உண்ணாத குதிரை’ என்றால் உண்ணுதல் இல்லை. இலக்கண எதிர்மறை ஒன்றை இல்லை என்கிறது. பிலிமின் நெகட்டிவில் இல்லாமல் போனது எதுவும் கிடையாது. மூக்கு, முழி, மூக்குத்தி எல்லாம் இருக்கிறது, இருளும் ஒளியும்தான் இடம் மாறியிருக்கின்றன. ‘எதிர்ப்படிமம்’ என்று சிலர் எழுதியது இன்னும் கிட்டத்தில் வருகிறது. ஆனால் அதைக் கடைவீதியில் யாரும் வாங்கவில்லை.

வாங்காததற்குக் காரணம், பொருளும் பேரும் சேர்ந்தே இங்கே வந்து இறங்கிவிட்டன. லினேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தது காகித நெகட்டிவில்தான். அது துரைமார் சமாசாரம். ஊருக்குள் சொல் இறங்கியது சினிமா வழியாக. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். 1930களில் அங்கே சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது. படத்தொழிலில் நெகட்டிவ் என்பது கண்ணுக்குத் தெரியும் படம் மட்டுமில்லை, சொத்துப் பத்திரம். நெகட்டிவை வைத்துக் கடன் வாங்குவார்கள். கடனைத் தீர்க்காமல் படப்பெட்டி வெளியே வராது. நெகட்டிவ் ரைட்ஸ் என்ற சொல் பிலிமே ஒழிந்த பிறகும் தொழிலில் நிற்கிறது.

அடுத்து மேற்கே, மலைமேல். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960இல் உதகமண்டலத்தில் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்தது. சரக்கின் பேர் இந்து. ஆங்கில எழுத்தில் பார்த்தால்தான் அது நிலாவைக் குறிக்கும் சொல் என்று தோன்றும், தமிழெழுத்தில் மதப்பேராகக் குழம்பும். வெள்ளி உப்புப் பூசிய சுருளுக்கு நிலாவின் பேர் பொருந்தத்தான் செய்கிறது. ஆலை ஓய்ந்துவிட்டது, ஊட்டியில் இந்துநகர் என்ற இடப்பேர் மிஞ்சியிருக்கிறது. அங்கே கறுப்பு வெள்ளைப் பிலிமும் செய்தார்கள், எக்ஸ்ரே பிலிமும் செய்தார்கள். டேப் நிறம் மாறினால் “எக்ஸ்ரே மாதிரித் தெரியுதுங்க” என்று சொல்பவர்களும் உண்டு. அதிலும் பிழையில்லை. எக்ஸ்ரே படம் கடைசிவரை பாசிட்டிவ் ஆக்கப்படாத நெகட்டிவ்தானே.

மீதி வேலையைப் போட்டோ ஸ்டூடியோ செய்தது. கல்யாணப் படத்தைக் கழுவிப் பிரிண்டு போட்டுத் தரும்போது நெகட்டிவையும் உறையில் வைத்துக் கொடுப்பார்கள். பத்திரமாக வைத்திருந்தால் மறு பிரிண்டு போடலாம். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கறுத்த பல்லும் வெளுத்த தலைமுடியுமாகத் தாய்மாமனை அடையாளம் கண்டு சிரித்த கண்தான் இன்று டேப்பைப் பார்த்ததும் சட்டென்று பேர் சொல்கிறது. 1995 அக்டோபரில் சூரிய கிரகணத்தன்று அதே நெகட்டிவைக் கண்ணில் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. செய்யக்கூடாத காரியம். கண் கெட்டுவிடும்.

வேறு சொற்களை முயன்று பார்த்தால் நெகட்டிவின் அருமை விளங்கும். ‘திரை தலைகீழாப் போச்சு’ என்று போனில் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் ஆட்டோ ரொட்டேட்டை அணைக்கச் சொல்வார். தலைகீழ் என்பது நிலையைச் சொல்லும் சொல், நிறத்தைச் சொல்லாது. இன்வெர்ட் என்ற லத்தீன் வழிச் சொல்லுக்கும் புரட்டிப் போடுவதுதான் பொருள். அதை நேரே தமிழாக்கி ‘வண்ணப் புரட்டு’ என்றால் ஏதோ மோசடி வழக்குப் போல ஒலிக்கும். இன்வெர்ஷன் என்றே விட்டாலும் வம்பு: நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போனால் ஃபேன் ஓட்டுவது.

நெகட்டிவ் என்ற பேரிலேயே கணக்கும் அடங்கியிருக்கிறது. திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. நேரடி இன்வெர்ஷனில் கருவி செய்வதெல்லாம் அந்த எண்ணை 255இலிருந்து கழிப்பது. ஈரோட்டு மஞ்சள் நீலமாகிறது. குங்குமச் சிவப்பு வெளிர்நீலப் பச்சையாகிறது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பு முழுக்க ஊதாப் பூத்துப் போகிறது. நடுச் சாம்பல் மட்டும் மாறுவதில்லை, 128ஐக் கழித்தால் 127. ஆகவே ஆனைமலைக் காட்டு டாப்சிலிப்பில் எடுத்த படத்தில் காடு எப்படிக் கெட்டாலும் ஆனை பெரும்பாலும் ஆனையாகவே நிற்கும். ஆனைமலை என்ற ஊர்ப்பேருக்குக் குறை வரவில்லை.

இதை வைத்து வேடிக்கையும் செய்யலாம். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் துண்டை வெள்ளை விளக்குக்கு முன் பிடித்து, இன்வெர்ஷனைப் போட்டு, டேப்பின் கேமராவில் பாருங்கள். நெகட்டிவின் நெகட்டிவ் பாசிட்டிவாகித் தாத்தா உள்ளபடி வந்து நிற்பார். கலர் நெகட்டிவில் மட்டும் நீலம் தூக்கலாக இருக்கும். அந்தப் பிலிமின் அடிநிறம் ஆரஞ்சு. சாயங்களின் குறையை ஈடுகட்டக் கம்பெனியே சேர்த்தது அது.

திருத்துவது எளிது. செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய்க் கலர் இன்வெர்ஷனை அணைத்தால் போதும். வெள்ளைத் திரையின் கூச்சம் தாங்காத கண்களுக்காக வைத்த வசதி என்பதால்தான் அந்தப் பகுதியில் இருக்கிறது. பலருக்குத் தெரியாமல் விழுவது குறுக்குவழியால். ஒலியைக் கூட்டும் குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் அதற்கென்று குறித்துவைத்த வசதி விழித்துக்கொள்ளும். குழந்தை கையில் கொடுத்த டேப்பில் இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. ஐபேடில் முகப்புப் பொத்தானையோ மேல் பொத்தானையோ மூன்று முறை தட்டுவது அந்த வேலையைச் செய்யும். அதில் 2017 முதல் படங்களை விட்டுவிட்டு மற்றதை மட்டும் மாற்றும் ஸ்மார்ட் இன்வெர்ட்டும் உண்டு.

அணைத்தும் போகவில்லை என்றால் டேப்பை நிறுத்தி மறுபடி போட்டு, முதலில் வரும் கம்பெனி முத்திரையைப் பாருங்கள். அது சரியான நிறத்தில் வந்து பிறகு கெட்டால் கோளாறு செட்டிங்கில். முத்திரையே கெட்டு வந்தால் திரையோ அதன் பட்டைக் கேபிளோ போயிருக்கிறது, கடைக்குத்தான் போக வேண்டும்.

இந்தப் பேருக்கு இப்போது ஒரு போட்டி வந்திருக்கிறது. நெகட்டிவ் என்றால் கொரோனா பரிசோதனை முடிவும் சினிமா வில்லன் வேடமும் மட்டுமே நினைவுக்கு வரும் இளவட்டங்கள், கறுத்த திரையைக் கண்டதும் ‘டார்க் மோடு’ என்கிறார்கள். டார்க் மோடில் பின்புலம்தான் கறுக்கும், படங்களைத் தொடாது. பேர் தப்பினால் வைத்தியமும் தப்புகிறது. இன்வெர்ஷன் போட்டிருக்கும் டேப்பில் டார்க் மோடையும் போட்டால் கறுத்த பின்புலம் மறுபடி புரண்டு திரை வெளுத்துவிடும். சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு எடுத்துப்போய் ஆல்பத்தைத் திறந்தால், அத்தனை முகமும் நீலம்.