பி.எம்.சி. ஏ-வரிசை எஞ்சினின் சிலிண்டர் தலைச் சேத மதிப்பீடு

பி.எம்.சி. ஏ-வரிசை எஞ்சின் என்பது 1951 ஆம் ஆண்டில் ஆஸ்டின் ஏ30 மகிழுந்துடன் அறிமுகமான பிரித்தானிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஆகும். மொரிஸ் மைனர், மினி முதலிய மகிழுந்துகளிலும் பயன்பட்ட இதன் உற்பத்தி 2000 ஆம் ஆண்டில் மினியுடன் முடிவுற்றது. ஆதலால், சேதமுற்ற பழைய சிலிண்டர் தலையைச் செப்பனிடலாமா அல்லது கழித்துவிட வேண்டுமா என்று தீர்மானிப்பது இவ்வகை மகிழுந்துகளைப் பேணுவோருக்கு இன்றியமையாததாகும்.

அமைப்பு

இதன் தலை வார்ப்பிரும்பால் ஆனது. இதய வடிவ எரியறையை ஹாரி வெஸ்லேக் வடிவமைத்தார். நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து இரண்டு உள்வழிகளும் மூன்று வெளிவழிகளும் மட்டுமே உள்ளன. 2 ஆம், 3 ஆம் சிலிண்டர்களின் எரிந்த வாயு நடுவிலுள்ள ஒரே வெளிவழியாகச் செல்வதால் அப்பகுதி மிகுதியாகச் சூடேறுகிறது. இதனால் அவ்விரு எரியறைகளிலும், வால்வுகள் அமரும் சீட்டுகளுக்கு இடைப்பட்ட குறுகிய பகுதியில் விரிசல் ஏற்படக்கூடும். பெரிய வால்வுகளைக் கொண்ட 1275 கன செ.மீ. எஞ்சினின் தலையில் இவ்விடைவெளி மேலும் குறுகியது. தலையில் வார்க்கப்பட்டுள்ள '12ஜி940' போன்ற எண்ணைக் கொண்டு அதன் வகையை அறியலாம்.

கழற்றும் முன் காணும் அறிகுறிகள்

* அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் அழுத்தம் ஒருங்கே குறைந்திருப்பின், அவற்றிடையே கேஸ்கட் எரிந்திருக்கலாம்.
* ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்திருப்பின் வால்வு, பிஸ்டன் வளையம் ஆகியவற்றை ஐயுற வேண்டும். சிறிது எண்ணெய் ஊற்றி மீண்டும் அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் குறை பெரும்பாலும் வளையத்தில் உள்ளது.
* ரேடியேட்டர் நீரில் தொடர்ந்து குமிழி எழுதல், எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளிறுதல் ஆகியவை கேஸ்கட் பழுதாலும் நேரலாம், விரிசலாலும் நேரலாம். இவற்றை மட்டும் கொண்டு தலையைக் கழித்தல் கூடாது.

சோதனை வரிசை

விரிசல் சோதனையே முதலில் செய்யத்தக்கது. பரப்பை அரைத்து, புதிய வால்வுகளைப் பொருத்திய பின்னர் விரிசல் தெரியவந்தால் அதுவரை செய்த செலவு முழுதும் வீணாகும்.

1. விரிசல்: கரியை நீக்கித் தூய்மை செய்த தலையைக் காந்தமாக்கி இரும்புத் துகள் தூவினால், மேற்பரப்பு விரிசலின் மீது துகள்கள் கோடாகத் திரளும். விரிசல் நீரறை வரை சென்றுள்ளதா என்பதை அழுத்தச் சோதனை காட்டும். நீர்வழிகளை அடைத்துக் காற்றைச் செலுத்தி, தலையைச் சுடுநீரில் அமிழ்த்துவர். குளிர்ந்த நிலையில் மூடியிருக்கும் விரிசல் சூட்டில் திறந்து குமிழியை வெளியிடும்.
2. வளைவு: நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும்.
3. சீட் தேய்வு: பெட்ரோலில் கலந்த ஈயச் சேர்மம் வெளிவால்வுச் சீட்டுகளைத் தேய்விலிருந்து காத்தது. பிரித்தானியாவில் 2000 சனவரி 1 முதல் ஈயப் பெட்ரோலின் பொது விற்பனை தடை செய்யப்பட்டது. வால்வு இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வருவது இத்தேய்வின் அறிகுறியாகும்.
4. வால்வு வழிகாட்டிகள்: இவை தேய்ந்திருப்பின் வால்வு சீட்டில் நேராக அமராது. எனவே சீட்டைச் சீர்செய்வதற்கு முன் இவற்றை மாற்ற வேண்டும்.

தீர்மானம்

வளைவை அரைத்துச் சமன்செய்யலாம். ஆயினும் அரைக்கும்தோறும் எரியறை சிறுத்து அழுத்த விகிதம் உயர்வதால், முன்னர் எவ்வளவு அரைக்கப்பட்டது என்பதையும் கணக்கிட வேண்டும். தேய்ந்த சீட்டிற்குக் கடினமாக்கிய வளையம் பொருத்தலாம். ஆழமற்ற விரிசல், வளையத்திற்காகக் குடையும்போதே நீங்கிவிடுவதும் உண்டு. நீரறையை எட்டிய விரிசலைப் பற்றவைக்க, வார்ப்பிரும்பை முன்கூட்டிச் சூடேற்றி மெதுவாக ஆறவிட வேண்டும். இல்லையெனில் அருகிலேயே புதிய விரிசல் தோன்றும். இதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் வேறொரு நல்ல தலையின் விலையை மிஞ்சிவிடும்.

எம்முடிவை எடுப்பினும், தலை சூடேறிய காரணத்தையும் கண்டறிதல் வேண்டும். அடைபட்ட ரேடியேட்டர், பழுதான தெர்மோஸ்டாட் முதலியவற்றைச் சரிசெய்யாவிடில், மாற்றிய தலையும் அதே கதியை அடையும்.