ஹவானாவில் வீழ்ந்தவர்: ஓர் ஒளிப்படத்தின் முகமும் முதுகும்

பழைய குத்துச்சண்டை ஒளிப்படங்களைச் சேகரிப்போர் நன்கு அறிந்த படங்களுள் ஒன்று, 1915 ஏப்ரல் 5 அன்று கியூபாவின் ஹவானா நகரில் எடுக்கப்பட்டது. ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன் 26ஆம் சுற்றில் மல்லாந்து கிடக்கிறார். வென்ற ஜெஸ் வில்லார்டு அருகே நிற்கிறார். ஜான்சனின் கை முகத்துக்கு மேல் உயர்ந்திருக்கிறது. வெயில் படாமல் கண்ணை மறைப்பதுபோலத் தோன்றுகிறது. நினைவிழந்தவர் வெயிலை மறைப்பாரா? வேண்டுமென்றே தோற்றதாக ஜான்சனே பிற்காலத்தில் கூறியபோது, இந்தப் படமே அதற்குச் சான்றாக நீட்டப்பட்டது.

ஒரே ஓர் அசையாப் படத்துக்கு இத்தனை பாரம் ஏறியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் ஜிம் ஜெஃப்ரிஸை ஜான்சன் வீழ்த்தியதும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இனக் கலவரம் மூண்டது. அப்போட்டியின் திரைப்படத்துக்குப் பல ஊர்கள் தடை விதித்தன. 1912இல் குத்துச்சண்டைத் திரைப்படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையும் வெளிநாட்டிலிருந்து கொணர்வதையும் கூட்டாட்சிச் சட்டமே தடுத்தது. 1940 வரை அது நடப்பில் இருந்தது. ஹவானாப் படச்சுருளும் இதில் சிக்கியது. 1916இல் கனடா எல்லையில் சுருளை அந்தப் பக்கம் வைத்து ஒளிபாய்ச்சி, நியூயார்க் மாநிலப் பக்கத்தில் புதிய சுருளில் படியெடுக்க ஒரு நிறுவனம் முயன்ற விந்தையும் நடந்தது. கறுப்பர் ஒருவரின் வெற்றியைக் காட்டாதிருக்க வந்த சட்டம், அவர் தோற்ற காட்சியையும் அமெரிக்கர்களிடமிருந்து மறைத்தது. அவர்கள் கைக்கு எட்டியது அச்சிட்ட படமே.

மொழியியல் படித்தவளுக்கு இங்கே வினைச்சொல்லே முதலில் கண்ணில் படுகிறது. ஒளிப்படத்தில் வினை இல்லை. கிடக்கும் உடலே உண்டு. ‘வீழ்ந்தார்’, ‘வீழ்த்தப்பட்டார்’, ‘படுத்துக்கொண்டார்’ என மூன்றும் அதே படத்துக்குப் பொருந்தும். எதைச் சொல்வது என்பதைப் படவிளக்கமே முடிவு செய்கிறது. பின்னாளில் காணக் கிடைத்த படச்சுருளில் வில்லார்டின் வலக்கைக் குத்தும் அதைத் தொடர்ந்த வீழ்ச்சியும் தெரிகின்றன. கை உயர்ந்த நிலை அந்த ஓட்டத்தில் ஒரு கணம் மட்டுமே. போட்டி மெய்யானது என்றே வரலாற்றாசிரியர் பலரும் கருதுகின்றனர். எனக்கும் அதில் ஐயமில்லை.

ஆகவே சேகரிப்பில் படத்தின் முதுகே எனக்கு முதன்மை. செய்தி நிறுவன முத்திரை, தட்டச்சு விளக்கத் தாள், நாளிதழில் வெளிவந்த நறுக்கு, பயன்படுத்திய தேதி ஆகியவை அங்கேதான் ஒட்டியிருக்கும். போலியைக் கண்டறியவும் சில வழிகள் உண்டு. ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் 1950கள் வாக்கில்தான் ஒளிப்படத் தாள்களில் சேர்க்கப்படலாயிற்று. புற ஊதா விளக்கின்கீழ் தாள் நீலமாகப் பளிச்சிட்டால் அது 1915இன் அச்சாக இருக்க இயலாது. அசோசியேட்டட் பிரஸ் கம்பிவழிப் படச்சேவையைத் தொடங்கியது 1935 ஜனவரி 1 அன்று. அதன் முத்திரை தாங்கிய ஹவானாப் படம் எதுவும் பிற்காலப் படியே.

சந்தை இத்தகைய படிகளை இகழ்கிறது. மூல நெகட்டிவிலிருந்து ஏறத்தாழ ஈராண்டுக்குள் எடுத்த அச்சுக்கே உயர்விலை. ஆய்வாளருக்கு இந்த அளவுகோல் போதாது. 1940களில் மறுபடி எடுத்து, புதிய விளக்கம் ஒட்டி அனுப்பிய மலிவான படியில்தான், வினைச்சொல் எப்போது மாறியது என்பதைத் தேட முடியும். விலை கூடும் என்றெண்ணி அந்தத் தாள்களை நீராவி காட்டி உரிப்போரும் உளர். அவர்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஆவணக்காப்பகங்களில் படங்களை மின்னுருவாக்கும் நண்பர்களே, ஒவ்வொரு படத்தின் பின்புறத்தையும், அது வெறுமையாக இருந்தாலும், தனிக்கோப்பாக வருடி அதே எண்ணின்கீழ்ச் சேருங்கள்.