லீவுக்கு வந்த குழந்தை திரும்பிப் போகலைன்னா...? அப்பா - அம்மா சண்டையில் கோர்ட் போடும் இடைக்கால உத்தரவுகள்: முழு விளக்கம்

கணவன், மனைவி இருவருக்கும் வெளிநாட்டில் வேலை. ஸ்கூல் லீவுக்குப் பிள்ளைகளோடு சங்கரன்கோவிலில் உள்ள ஆச்சி வீட்டுக்கு வருகிறார் மனைவி. ரிட்டர்ன் டிக்கெட் தேதி தாண்டியும் கிளம்பவில்லை. "என் பிள்ளையைக் கடத்திட்டாங்க" என்கிறார் அங்கிருக்கும் அப்பா. "பெத்த தாய் கூட்டிட்டு வந்தா அது கடத்தலா?" என்கிறார்கள் இங்கே.

இறுதித் தீர்ப்பு வர வருஷக்கணக்கில் ஆகலாம். அதுவரை குழந்தை யாரிடம் இருக்கும்? அதைச் சொல்வதுதான் இடைக்கால உத்தரவு.

இதில் என்னென்ன வரும்?

* குழந்தையின் பாஸ்போர்ட்டை கோர்ட்டில் ஒப்படைப்பது
* அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு அழைத்துச் செல்லத் தடை
* தற்காலிகமாக யாரிடம் குழந்தை இருக்க வேண்டும் என்பது
* மற்றவர் குழந்தையை நேரில் பார்க்கும் நாள், வீடியோ கால் நேரம்

பாதுகாவலர் மற்றும் காப்பாளர் சட்டம் 1890, பிரிவு 12 இதற்கு அதிகாரம் தருகிறது.

ஹேக் ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

1980-ல் உருவானது ஹேக் ஒப்பந்தம். உறுப்பு நாடுகளுக்கு இடையே குழந்தை தவறாகக் கொண்டு செல்லப்பட்டால், ஓராண்டுக்குள் மனு போட்டால் பொதுவாகத் திருப்பி அனுப்ப வேண்டும். குழந்தைக்குக் கடும் ஆபத்து இருந்தால் மறுக்கலாம். இலங்கை, சிங்கப்பூர் இதில் சேர்ந்துவிட்டன. இந்தியா சேரவில்லை. குடும்ப வன்முறையில் இருந்து தப்பி வரும் பெண்கள் பாதிக்கப்படுவார்கள் என்ற கவலை முக்கியக் காரணம். அதனால் இங்கே ஒவ்வொரு வழக்கையும் நீதிமன்றமே தனித்தனியாகப் பார்க்கிறது.

கோவை வழக்கில் என்ன நடந்தது?

2012 ஆகஸ்டில் பிரிட்டனில் இருந்து இரண்டு மகள்களோடு தமிழ்நாடு வந்த தாய், கோவை குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டார். தந்தை பிரிட்டன் நீதிமன்றத்துக்குப் போனார். பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வரச் சொல்லி நவம்பரில் அந்த நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தந்தையின் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால் 2015 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வெளிநாட்டு கோர்ட்டின் உத்தரவு இடைக்காலம்தான் என்றாலும் மதிக்க வேண்டும், பலனளிக்கும் உத்தரவை முதலில் போட்ட நீதிமன்றத்துக்கே முன்னுரிமை என்றது.

2017-ல் வந்த திருப்பம்

2017 ஜூலை 3-ல் உச்ச நீதிமன்றத்தின் 3 நீதிபதிகள் அமர்வு இந்த 'முதல் உத்தரவு' கொள்கையை ஏற்கவில்லை. குழந்தையின் நலனே முதன்மை. வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டிய அம்சங்களில் ஒன்று மட்டுமே என்றது. இன்றும் இதுதான் அடிப்படை. வெளிநாட்டு உத்தரவு கையில் இருந்தாலே குழந்தை கிடைத்துவிடாது. அதற்காக அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதும் ஆபத்துதான்.

'மிரர் ஆர்டர்' என்றால்?

இங்கே போட்ட உத்தரவை அப்படியே குழந்தை போகும் நாட்டின் நீதிமன்றத்திலும் வாங்குவது. 2020-ல் கென்யாவில் வசித்த தந்தையிடம் குழந்தையை ஒப்படைக்கும் முன் உச்ச நீதிமன்றம் இதைக் கேட்டது. ஆனாலும் அவர் நிபந்தனைகளை மீற, 2021-ல் தன் உத்தரவையே நீதிமன்றம் திரும்பப் பெற்றது. அதற்குள் குழந்தை நாடு கடந்திருந்தது.

சங்கரன்கோவில்காரர்கள் எங்கே போகணும்?

தென்காசி மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளைதான். குழந்தையை ஆஜர்படுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவை அங்கே போடலாம். கஸ்டடி வழக்கு குழந்தை வழக்கமாக வசிக்கும் பகுதியின் மாவட்ட அல்லது குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகும். விடுமுறைக்கு வந்து தங்கிய இடம் 'வழக்கமான வசிப்பிடம்' ஆகுமா என்பதே பல வழக்குகளில் முதல் சண்டை. வக்கீல் வைக்க வசதி இல்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு அழைக்கலாம்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நாள் ஆக ஆக குழந்தை புது ஸ்கூல், புது நண்பர்கள் என்று வேர் பிடித்துவிடும். அதையும் நீதிபதி கணக்கில் எடுப்பார். அதனால் குழந்தையைக் கேட்பவரோ, வைத்திருப்பவரோ, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடாமல் சீக்கிரம் கோர்ட்டை நாடுவதே நல்லது.