அஞ்சல் இடம்பெயர்ந்த கதை: யாழ்ப்பாணத்து அலுவலகங்களில் பாமினியும் ஒருங்குறியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் எழுத்து வரலாற்றை, எழுத்து ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்குப் பெயர்ந்த வரலாறாகவும் நோக்கலாம். 1841 இல் 'உதயதாரகை' வெளிவரத் தொடங்கியது. 1849 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏட்டிலிருந்து தாளுக்கு ஒரு நூலைக் கொண்டுவருதல் வெறும் படியெடுப்பன்று என்பதை அப்பதிப்பாசிரியர்கள் நன்கறிந்திருந்தனர். ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவின. துணைக்காலும் ரகரமும் வேறுபாடின்றி நிற்கும். இது எந்த எழுத்து என்று தீர்மானிக்க மொழியறிவுடைய ஒருவர் வேண்டப்பட்டார்.

இதற்கு நிகரான ஓர் இடர்ப்பாடு, நூறாண்டுக்கு மேல் கழிந்தபின், அலுவலக மின்னஞ்சலிலே தோன்றியது. கடிதங்களைப் பெற்றுச் சேமித்து அனுப்பும் தலைமைக் கணினியாகிய வழங்கியைப் புதியதாக மாற்றும்போது, பழையதில் இருந்த தமிழ்க் கடிதங்கள் என்னவாயின என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இலங்கையில் வணிக இணையச் சேவை தொடங்கிய ஆண்டு 1995. அதே ஆண்டின் ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தனர். கொழும்பிலே மின்னஞ்சல் முகவரி பெறுவது புதுமையாயிருந்த காலத்தில், 1990 முதல் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டிலே விளக்கெரிப்பதே பெரும்பாடாயிருந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னரே கணினிகள் எளிதாக உள்ளே வரலாயின. எனவே யாழ்ப்பாணத்து அலுவலகங்கள் பல, தட்டச்சுப்பொறியிலிருந்து நேரே மின்னஞ்சலுக்குத் தாவின எனலாம்.

தட்டச்சின் நிழல் அத்தாவலிலும் தொடர்ந்தது. தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியவராகப் போற்றப்படும் ஆர். முத்தையா, 1886 இல் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்றவர். அவர் தொடக்கிவைத்த தட்டச்சு மரபிலே பயின்ற விரல்களுக்கு, 'பாமினி' என்னும் எழுத்துரு பழகிய வீடுபோல் இருந்தது. ய, ள, ன, க, ப என விசைகள் வழக்கமான இடங்களிலேயே கிடந்தன. அக்காலத்தில் பரவலாயிருந்த விண்டோஸ் 98 ஒருங்குறித் தமிழை அறியாதது. விண்டோஸ் 2000 இலேதான் அவ்வசதி முதன்முதல் சேர்க்கப்பட்டது. ஆகவே ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி நிலைபெற்றமை வியப்பன்று.

பாமினி செய்தது ஒரு வேடமிடல். 'தமிழ்' என்று திரையில் தோன்றும் சொல், கணினியின் நினைவகத்தில் ஆங்கில எழுத்துகளான ஜே, கே, பி, ஓ என்பவற்றையும் ஓர் அரைப்புள்ளியையும் அன்றி வேறன்று. ஜே எழுத்தின் மீது தகரத்தின் உருவம் போர்த்தப்பட்டிருக்கும். அரைப்புள்ளியின் மீது மெய்ப்புள்ளி. எழுத்துரு உடனிருக்கும்வரை அது தமிழ்; எழுத்துருவை அகற்றினால் பொருளற்ற ஆங்கிலக் கோவை.

இந்த வேடம் மின்னஞ்சலுக்கு ஒருவகையில் நன்மையும் செய்தது என்பது பலர் கவனியாத செய்தி. 1982 இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிகள், ஆங்கில நெடுங்கணக்கும் எண்களும் குறிகளும் அடங்கிய 128 இடங்களை மட்டுமே ஏற்றன. தமிழ் எழுத்துகளை அவற்றுக்கு மேலுள்ள 128 இடங்களில் வைத்த 'திஸ்கி' போன்ற குறியேற்றங்கள், கொள்கையளவில் செம்மையானவை. ஆனால் பழைய வழங்கிகளைக் கடக்கும்போது சிதையும் ஆபத்துக்கு உள்ளாயின. பாமினியோ பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் உடையிலேயே சென்றமையால் எந்த வாயிலிலும் தடுக்கப்படவில்லை. கொள்கையளவில் தாழ்ந்த முறை நடைமுறையில் பத்திரமாகப் போய்ச்சேர்ந்தது!

வழங்கியை மாற்றும் நாளிலேதான் அந்நன்மை தீமையாயிற்று. மாற்றத்தின்போது அஞ்சற்பெட்டிகள், முகவரிகள், கடவுச்சொற்கள், கோப்புறைகள் ஆகியன பெயர்க்கப்படும். இவற்றுக்குரிய வழிமுறைகள் தொழில்நுட்பவியலாளர் அறிந்தவையே. ஆனால் கடிதத்தின் எழுத்துருப் பெயர் கடிதத்தின் பகுதியன்று. அதன் மேலொட்டிய சிட்டை. புதிய முறையிலே கடிதம் வெறும் பாடமாக மாற்றப்பட்டாலும், எழுத்துரு இல்லாத இணைய உலாவியில் திறக்கப்பட்டாலும், சிட்டை உதிர்ந்துவிடும். கடிதத்தின் 'பொருள்' என்னும் தலைப்புவரி தொடக்கத்திலிருந்தே சிட்டை ஏற்காதது. ஆகையால் பாமினியில் எழுதப்பட்ட தலைப்புகள் ஒருநாளும் தமிழாகத் தெரிந்ததில்லை. சொற்செயலிக் கோப்பாக இணைக்கப்பட்டவை மட்டும், எழுத்துருவின் பெயரைத் தம்முள் வைத்திருந்தமையால், ஓரளவு தப்பின.

மாற்றி என்னும் செயலியால் பாமினியை ஒருங்குறியாக்கிவிடலாமே என வினவலாம். ஆக்கலாம், ஏட்டைப் போலன்றி, பாமினியின் ஒவ்வொரு குறிக்கும் உரிய தமிழெழுத்து இன்னதென்பது ஐயமற்றது. 'கொழும்பு' என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன் அடிக்கப்பட்டிருக்கும், ஒருங்குறி அதனைக் ககரத்தின் பின் வைக்கும் என்பது போன்ற வரிசைமாற்றங்களையும் செயலி செய்துகொள்ளும். இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. அலுவலகக் கடிதம் தனித்தமிழாக இருப்பதில்லை. திகதியும் தொகையும் ஆங்கிலப் பெயர்களும் வேறு எழுத்துருவில் இடையிடையே வரும். சிட்டை உதிர்ந்தபின் எது பாமினி, எது ஆங்கிலம் என்று செயலி எங்ஙனம் அறியும்? பாமினியில் இகரம் அமர்ந்திருப்பது ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில். ஆய்தம் அமர்ந்திருப்பது சாய்கோட்டின் இடத்தில். ஆகவே வேறு எழுத்துருவில் இடப்பட்ட காற்புள்ளிகள் இகரமாகி, 'யாழ்ப்பாணம்இ கிளிநொச்சிஇ வவுனியா' என்று ஊர்ப்பெயர்கள் வால் முளைத்து நின்றன. யாழ்ப்பாண மாவட்டப் பாடசாலைகளின் பெயருக்கு முன் வரும் 'யா/' என்னும் குறி 'யாஃ' ஆயிற்று. இன்றும் ஈழத்து இணையப் பக்கங்களில் இவ்வடுக்களைக் காணலாம். ஆய்தம் எங்கிருந்து வந்தது என்று இலக்கண மாணவர் திகைத்தல் கூடும்.

இவை சிரிப்புக்குரியவை. ஈகாரத்துக்கு நேர்ந்தது அத்தகையதன்று. பாமினியில் ஈகாரத்தின் இடம், இணையப் பக்க மொழியிலே கட்டளை தொடங்குவதைக் குறிக்கும் கோணக்குறியின் இடம். கட்டளை முடிவதைக் குறிக்கும் கோணக்குறியோ பாமினியில் காற்புள்ளி. போதிய கவனமின்றி ஒரு கடிதம் இணையப் பக்கமாக்கப்பட்டால், 'ஈ' என்று தொடங்கும் சொல்லிலிருந்து அடுத்த காற்புள்ளி வரையுள்ள பகுதியைக் கட்டளையெனக் கருதி உலாவி மறைத்துவிடக்கூடும். 'ஈழம்' என்ற சொல் எவருடைய தணிக்கையுமின்றி மறைந்துபோக இத்துணைச் சிறு காரணம் போதும்.

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991 இலேயே தமிழை உள்ளடக்கியிருந்தது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அமைந்தது. 2008 இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ்த் தரத்தை வெளியிட்டது. இம்முடிவு சரியானதே. பாமினியில் கிடக்கும் கடிதத்தைத் தேடவோ அகரவரிசைப்படுத்தவோ இயலாது. எனினும் தரம் என்பது இனி எழுதுவதற்கான நெறி. எழுதி முடிந்தவற்றைப் பெயர்க்கும் பாரம் அவ்வவ் அலுவலகத்தின் தலையிலே விழுந்தது. 2006 ஓகத்தில் ஏ-9 மீண்டும் மூடப்பட்டு 2009 வரை திறக்கப்படாதிருந்த ஒரு நிலத்தில், அப்பாரம் கொழும்பில் உள்ளதைப் போன்றதன்று.

வடக்கில் தமிழே நிருவாக மொழி என்பதை 1988 இன் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் உறுதிசெய்தது. ஆதலால் காணி, மீள்குடியேற்றம், இழப்பீடு பற்றிய கடிதங்கள் தமிழிலே எழுந்தன. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், பொது அதிகாரசபைகள் பதிவேடுகளை அட்டவணைப்படுத்திப் பேணவேண்டும் என விதிக்கின்றது. தம் காணி பற்றி 2004 இல் எழுதப்பட்ட கடிதத்தை ஒருவர் கோருகின்றார் எனக் கொள்வோம். எழுதுவினைஞர் புதிய வழங்கியில் ஊரின் பெயரை ஒருங்குறியில் இட்டுத் தேடுகிறார், எதுவும் கிடைக்கவில்லை. 'அவ்வாறான கடிதம் இல்லை' என்ற மறுமொழி நேர்மையாகவே எழுதப்படும். கடிதமோ அதே பெட்டியில் ஆங்கிலக் கோவையாய்க் கிடக்கும்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டதை அறியாதார் இலர். அத்தீயோடு இதனை ஒப்பிடுதல் முறையன்று. அங்கே ஏடுகள் சாம்பலாயின, இங்கே ஓர் எழுத்தும் அழியவில்லை. அழிந்தது எந்த எழுத்துருவில் படிக்கவேண்டும் என்ற குறிப்பு ஒன்றே. 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம், அச்சுப் பக்கங்களைப் படிமங்களாகப் பேணியமையால் இச்சிக்கலிலிருந்து பெரிதும் விலகி நின்றது. கடிதங்களுக்கு அவ்வழி எளிதன்று. தாளில் அச்சிட்டுக் கோவைப்படுத்திய அலுவலகங்களின் பழமைப் பழக்கம், பலரும் எள்ளியதாயினும், இவ்விடத்தில் கைகொடுத்தது.

பெயர்க்கப்படும் பெட்டியைச் சரிபார்க்கத் தகுந்தவர், வழங்கியை நிறுவும் பொறியியலாளரன்று. இருபது ஆண்டுகள் பாமினியில் தட்டச்சு செய்த எழுதுவினைஞரே. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் கோவையைக் கண்டதும் அவர் விரல்கள் விசைகளின்மேல் அசையும். வாய் 'தமிழ்' என்று படிக்கும். அத்தலைமுறையினர் ஒருவர்பின் ஒருவராக ஓய்வுபெற்று வருகின்றனர்.