ஏணியும் குடும்ப மருத்துவரும்

1958ஆம் ஆண்டில், மருத்துவர்களின் ஊதியத்தை ஆராய்வதற்கென பிரிட்டனில் அமைக்கப்பெற்ற அரச ஆணைக்குழுவின் முன் மோரன் பிரபு சான்று கூறினார். அவர் போர்க்காலத்தில் பிரதமர் சர்ச்சிலுக்கு மருத்துவராக விளங்கியவர். 1941 முதல் 1950 வரை இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியின் தலைவராக வீற்றிருந்தவர். மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரும், ஊரில் இருந்து மருத்துவம் பார்க்கும் குடும்ப மருத்துவரும் ஒரே தரத்தினரா என்னும் வினா எழுந்தது. எல்லாரும் ஏறத் தொடங்கும் ஏணியிலிருந்து இடையே வீழ்ந்தவரே குடும்ப மருத்துவர் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். அச்சொல் நாடெங்கும் குடும்ப மருத்துவர்களின் உள்ளத்தைப் புண்படுத்தியது.

மோரன் பிரபுவின் கூற்று பொருந்துமா? மருத்துவ வரலாற்றில் சிலரை நோக்குவோமானால் விடை தானே விளங்கும்.

நாடி சொன்ன செய்தி

ஸ்காட்லாந்தில் 1853இல் பிறந்த ஜேம்ஸ் மெக்கன்சி, எடின்பரோவில் பட்டம் பெற்று, 1879இல் பருத்தி ஆலைகள் நிறைந்த பர்ன்லி நகருக்குக் குடும்ப மருத்துவராக வந்து சேர்ந்தார். அவருடைய கண்காணிப்பில் இருந்த பெண்ணொருத்தி பேறுகாலத்தில் இதயம் சோர்ந்து மாண்டாள். அவள் இதயத்தின் நிலையை முன்னரே கணிக்க இயலாமற்போனதே என்னும் வருத்தம் அவரை ஆராய்ச்சியில் செலுத்தியது. கழுத்துச் சிரையின் துடிப்பையும் தமனியின் துடிப்பையும் ஒருசேரப் பதியும் கருவியொன்றைக் கடிகாரத் தொழிலாளர் ஒருவரின் துணையோடு செய்தார். 1902இல் நாடியைப் பற்றியும், 1908இல் இதய நோய்களைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் புதியதொரு துறைக்கே அடித்தளமாயின.

கருவி ஒன்றே அவருக்கு இவ்வறிவைத் தந்துவிடவில்லை. நாடி ஒழுங்கின்றித் துடித்தால் அதைப் பெருங்கேடென்று அஞ்சி, நோயாளியைப் படுக்கையில் கிடத்துவது அக்கால வழக்கம். மெக்கன்சியோ அத்தகைய நாடி உடையோரை இருபதாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து கண்டுவந்தார். அவர்களிற் பலர் ஆலைக்குச் சென்று உழைத்தனர், பிள்ளை பெற்று வளர்த்தனர், முதுமையும் எய்தினர். எனவே அவ்வகைத் துடிப்புகளிற் பல தீங்கற்றவை என்று அவரால் துணிந்து கூற முடிந்தது. சில வாரங்கள் மட்டுமே நோயாளியைக் காணும் மருத்துவமனை மருத்துவருக்கு இவ்வுண்மை எட்டியிராது.

1907இல் இலண்டன் சென்று பெரும்புகழ் ஈட்டிய அவர், 1918இல் அதனை விடுத்து ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகருக்குத் திரும்பினார். அங்கே ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவி, ஊர் மருத்துவர்களை அதில் ஈடுபடுத்தினார். மருத்துவமனைக்கு வருவது முற்றிய நோய். அதன் தொடக்கத்தைக் காண்பவர் குடும்ப மருத்துவரே என்பது அவர் கொள்கை.

பள்ளத்தாக்கின் மருத்துவர்

அடுத்து நாம் காணத்தக்கவர், யார்க்சயர் பகுதியில் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கிலுள்ள எய்ஸ்கார்த் என்னும் சிற்றூரில் அரை நூற்றாண்டுக் காலம் பணிபுரிந்த வில்லியம் பிக்கில்ஸ். மலைமேல் நின்று கீழே உள்ள ஊர்களை நோக்கியபோது, அங்கு வாழும் ஆண், பெண், குழந்தைகளுள் தாம் பெயர் அறியாதவர் அரியர் என்று அவருக்குத் தோன்றியதாம். நாய்களிற் பெரும்பாலானவற்றையும் பூனைகளிற் சிலவற்றையுங்கூடத் தாமும் தம் மனைவியும் அறிவோம் என்று அவர் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

இந்தப் பழக்கமே ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. 1929இல் அப்பள்ளத்தாக்கில் மஞ்சட்காமாலை பரவியது. ஏறத்தாழ 5,700 மக்களில் 250 பேர் பாதிக்கப்பட்டனர். ஊர்த் திருவிழா நாளின் காலையில் நோயுற்றுக் கிடந்த சிறுமி ஒருத்தியை அவர் கண்டிருந்தார். அன்று பிற்பகலே அவள் எழுந்து விழாவுக்குச் சென்றிருக்கிறாள்! ஏறக்குறைய ஒரு திங்கள் கழித்து அவ்வூரிற் பலர் ஒருசேர நோயுற்றனர். யார் யாரைக் கண்டார், எந்நாளில் கண்டார் என்பதையெல்லாம் அறிந்திருந்தமையால், நோய் தொற்றுவதற்கும் வெளிப்படுவதற்கும் இடைப்பட்ட காலத்தை அவரால் கணிக்க முடிந்தது. மனைவியும் மகளும் துணைநின்று குறித்த பட்டியல்களைக் கொண்டு, சிற்றூர் மருத்துவத்தில் தொற்றுநோய்கள் பற்றி 1939இல் அவர் வெளியிட்ட நூல் உலகப்புகழ் பெற்றது. 1952இல் பிரிட்டனில் பொது மருத்துவர்களுக்கென ஒரு கல்லூரி நிறுவப்பட்டபோது, அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் இவரே.

மருத்துவரும் ஒரு மருந்து

மெக்கன்சி உடலையும் பிக்கில்ஸ் ஊரையும் கண்டனர் என்றால், உள்ளத்தைக் காணுமாறு தூண்டியவர் மைக்கேல் பாலின்ட். புடாபெஸ்ட் நகரில் 1896இல் ஒரு பொது மருத்துவரின் மகனாகப் பிறந்து, 1939இல் பிரிட்டனில் குடியேறிய உளப்பகுப்பாய்வாளர் இவர். 1950களில் இலண்டன் டாவிஸ்டாக் மருத்துவகத்தில் குடும்ப மருத்துவர் சிலரைக் கூட்டி, தம்மைக் கலங்கச்செய்த நோயாளியைப் பற்றி ஒவ்வொருவரையும் மனம் திறந்து பேசச் செய்தார். தீராத தலைவலி என்று வருபவரின் துயரம் இல்லத்தில் இருக்கலாம். அவரை ஒரு சிறப்பு மருத்துவரிடமிருந்து இன்னொருவரிடம் அனுப்பிக்கொண்டே இருந்தால், முடிவில் எவரும் பொறுப்பேற்பதில்லை என்று பாலின்ட் எச்சரித்தார். மருத்துவர் தரும் மருந்துகளுள் மிகுதியாகப் பயன்படுவது மருத்துவர் தாமே. அம்மருந்தின் அளவையும் கேட்டையும் மட்டும் எந்நூலும் கூறவில்லை என்பது அவர் கருத்து. இதனை விளக்கும் அவருடைய நூல் வெளிவந்தது 1957இல். மோரன் பிரபு ஏணியைப் பற்றிப் பேசியதோ அதற்கு மறு ஆண்டில்!

வாராதவரையும் நாடியவர்

1961இல் வேல்ஸ் நாட்டின் கிளின்கோரக் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊருக்குச் சென்ற ஜூலியன் டியூடர் ஹார்ட், மேலும் ஒரு படி சென்றார். நோய் என்று வந்தவரை மட்டுமன்றி, வாராதவரையும் தேடி, 1968 முதல் ஊரார் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் அளந்தார். எங்கே மருத்துவத் தேவை மிகுதியோ அங்கே நல்ல மருத்துவம் கிடைப்பது குறைவு என்று 1971இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஏழையின் நோயை அவனுடைய தொழிலினின்றும் இல்லத்தினின்றும் பிரித்துப் பார்க்கலாகாது என்பதே அவர் வாழ்க்கை உணர்த்தும் பாடம்.

இந்நால்வருக்கும் பொதுவான ஒன்றுண்டு. நோயாளியை முழு மனிதராகக் காண்பது இவர்களுக்கு இரக்கச் செயல் மட்டுமன்று. அறிவைப் பெறும் வழியும் அதுவே. ஒரே மனிதரை ஆண்டுக்கணக்கில் காண்பவர்க்கே புலப்படும் உண்மைகள் பல உள.

அண்மையில் எண்களும் இதற்குச் சான்று பகர்ந்துள்ளன. நார்வே நாட்டில் நாற்பத்தைந்து இலட்சம் மக்களின் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்ப மருத்துவரைக் கொண்டிருந்தோரிடையே இறப்பு வாய்ப்பு, ஓராண்டே அவ்வாறு கொண்டிருந்தோரைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இத்துணைப் பயன் தரும் புதுமருந்தொன்று வெளிவருமாயின் உலகமே அதனைக் கொண்டாடும் அன்றோ?

ஆயினும், பிரிட்டனிலேயே இன்று பலர் செல்லுந்தோறும் வேறு வேறு மருத்துவரைக் காண நேர்கிறது. குறிப்பேடு கணிப்பொறியில் இருக்கிறது. நோயாளியின் முகத்தை அறிந்தவர் அங்கில்லை. ஏணியில் ஏறுவோர் மருத்துவத்துக்கு வேண்டும், அதில் ஐயமில்லை. ஏறாமல் ஓரூரிலேயே நின்று, மூன்று தலைமுறையின் பெயரறிந்து பணிபுரிபவரும் வேண்டும். அவரை வீழ்ந்தவர் என்று எண்ணிய சமுதாயம், தான் இழந்தது என்னவென்பதை இழந்த பின்னரே அறிகிறது.